இரண்டரை கோல்

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் கணித ஆசிரியை ஒரு தோசையை வகுப்புக்குக் கொண்டுவந்து பின்னம் கற்பித்தார். நடுவில் கிழித்து, "இது அரை" என்றார். அதையும் கிழித்து, "இது கால்" என்றார். பாடம் முடிந்ததும் அரையையும் காலையும் நாங்களே தின்று தீர்த்தோம். குளுவாங்கில் கற்ற அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை. அரைத் தோசை உண்டு. அரைக் கிலோ சீனி உண்டு. அரை நாள் விடுப்பு உண்டு. ஆனால் அரைக் கோல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. பந்து கோட்டைத் தாண்டும், இல்லையேல் தாண்டாது.

இல்லாத அந்த அரைக் கோலில் என் மாமாவின் பணம் ஏறக்குறைய 1,650 வெள்ளி போனது. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எழுதுவதற்கு முன் மாமாவிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேரைப் போடாதே. ஊரைப் போட்டுக்கோ. செங்காங்கில லட்சக்கணக்கான பேரு இருக்காங்க" என்றார். ஆகவே ஊரை மட்டும் போடுகிறேன்.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியையும் தேசிய இடைநிலைப்பள்ளியையும் முடித்துவிட்டு இங்கே புள்ளியியல் படிக்க வந்தவள் நான். பல்கலைக்கழகம் திறந்திருக்கும்போது விடுதி. விடுமுறையில் செங்காங்கில் மாமா வீடு. ரிவர்வேல் பக்கம், எல்ஆர்டி ரயில் சன்னலுக்கு எதிரே ஓடும் வீவக வீடு. மாமா டெலிவரி வேன் ஓட்டுகிறார். அத்தை பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். மாமா குடிப்பதில்லை, புகைப்பதில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காற்பந்து. சிங்கப்பூர் 1994-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். செங்காங் பெயரிலேயே எஸ்-லீக்கில் ஓர் அணி இருந்ததைச் சொல்லும்போது அவர் முகமே மாறும்.

2024 ஜூன் மாதம் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதலாண்டுத் தேர்வுகள் முடிந்து நான் மாமா வீட்டில் இருந்தேன். ஒரு மாலை அவர் ஒரு பந்தயச் சீட்டைக் கொண்டுவந்து, "நீ படிச்ச பொண்ணு. இதப் பாரு, இதுல யாரு ஜெயிக்கிறாங்கன்னே தெரிய வேண்டாம். மொத்தம் எத்தனை கோல்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

இந்தப் பந்தயத்தை அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். இரண்டு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்களின் கூட்டுத்தொகைதான் பந்தயம். கடைக்காரர் ஓர் எண்ணைக் கோடாகப் போடுவார். பெரும்பாலும் அது 2.5. மூன்று கோலோ அதற்கு மேலோ விழுந்தால் 'ஓவர்' கட்டியவருக்கு வெற்றி. இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்றால் 'அண்டர்' கட்டியவருக்கு. அந்த அரை எதற்கு? சமநிலை வராமல் இருப்பதற்கு. கூட்டுத்தொகை ஒருபோதும் இரண்டரை ஆகாது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றே தீர வேண்டும். வழக்கமாக 90 நிமிட ஆட்டமும் அதனுடன் சேரும் காயநேரமும்தான் கணக்கு. கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல் சேராது.

இது நம் வட்டாரத்துக் கண்டுபிடிப்பு அல்ல. டொரொண்டோவில் இருக்கும் தோழி ஒருத்தி அங்கேயும் இதே கதைதான் என்கிறாள். கனடாவில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள். அதிலும் இரண்டு அணிகளின் மொத்தப் புள்ளிகளுக்குக் கோடு போட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள். தனி ஓர் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுவது கனடாவில் 2021 ஆகஸ்டில்தான் சட்டபூர்வமானது. 2022 ஏப்ரலில் ஒண்டாரியோ மாநிலம் தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு கிரே கிண்ண இறுதியாட்டத்தில் டொரொண்டோ 24, வினிபெக் 23, மொத்தம் 47. கடைசி நிமிடத்தில் வினிபெக் உதைத்த பந்தை டொரொண்டோ வீரர் ஒருவர் தடுக்காதிருந்தால் மொத்தம் 50 ஆகியிருக்கும். ஒரு கை குறுக்கே வந்ததில் எத்தனை பேருடைய பந்தயம் புரண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கையைக் கணித்துச் சொல்லும் சூத்திரம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா கேட்டது நான் அப்போதுதான் படித்து முடித்த பாடம். பாய்சான் பரவல். சராசரி தெரிந்தால் ஓர் ஆட்டத்தில் எத்தனை கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். சராசரிகளும் கையிலேயே இருந்தன. 2014 உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 171 கோல், 2018-இல் 169, 2022-இல் 172. மூன்றிலும் ஆட்டத்துக்கு 2.6 முதல் 2.7 வரை. 2021-இல் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் 51 ஆட்டங்களில் 142 கோல், அதாவது 2.78. அந்த 2.78-ஐச் சூத்திரத்தில் போட்டேன். மூன்று கோலோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 52.6 விழுக்காடு என்று வந்தது. பாதியைவிட அதிகம்! "ஓவர்தான் மாமா" என்றேன். அட்டவணையை அழகாக அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன்.

முதல் ஆட்டம் இங்கே விடிகாலை மூன்று மணிக்கு. ஜெர்மனி 5, ஸ்காட்லாந்து 1. இரண்டரை வேண்டிய இடத்தில் ஆறு! மாமா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யாத குறைதான். அந்த முதல் சுற்றின் 12 ஆட்டங்களில் மொத்தம் 34 கோல்; எட்டு ஆட்டங்கள் ஓவர். மாமா ஆட்டத்துக்கு 20 வெள்ளி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 1.85 திரும்பக் கிடைத்தது. செலவு போக 56 வெள்ளி லாபம். அந்தப் பணத்தில் தேக்காவுக்குப் போய் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். அத்தை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "இது சூதாட்டம் இல்ல அத்தை, கணக்கு."

இந்தக் கட்டுரையில் நான் வருந்துகிற வாக்கியம் அதுதான்.

இரண்டாம் சுற்றில் மாமா 50 வெள்ளியாக உயர்த்தினார். 12 ஆட்டங்களில் 27 கோல். நான்கு மட்டுமே ஓவர். நெதர்லாந்தும் பிரான்சும் ஆடிய இரவில் இரண்டு பேரும் விழித்திருந்தோம். இரண்டாம் பாதியில் நெதர்லாந்தின் சிமோன்ஸ் பந்தை வலைக்குள் அடித்தார். மாமா எழுந்து நின்றுவிட்டார். நடுவர்கள் நெடுநேரம் காணொளியைப் பார்த்துவிட்டு அது செல்லாது என்றார்கள். மாமா உட்கார்ந்தார். ஆட்டம் 0-0. சிமோன்ஸ் அதை எப்படி அடித்தார், நல்ல கோலா, ஏன் செல்லாது என்றெல்லாம் நாங்கள் பேசவில்லை. ஒரு காலத்தில் மாமா அதைப் பற்றி மட்டுமே பேசியிருப்பார். அன்று அவர் கேட்டது, "இன்னும் எத்தனை வேணும்?"

அந்த வாரம் 230 வெள்ளி போனது. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன். "சராசரி 2.7-க்குத் திரும்பி வந்தாகணும் மாமா. இந்தச் சுற்றில குறைஞ்சது அடுத்த சுற்றில சேர்ந்து வரும்" என்றேன். புள்ளியியல் படிக்கிறவள் சொன்ன வார்த்தை இது! ஓர் ஆட்டம் முந்தின ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்து ஆடும்போது, 'போன வாரம் பிரான்ஸ் கோல் அடிக்கவில்லையே, அந்தக் கடனை நாம் அடைப்போம்' என்று யாரும் நினைப்பதில்லை. சராசரி என்பது நடந்ததைச் சுருக்கிச் சொல்வது. நடக்கப்போவதற்கு உத்தரவாதம் அல்ல. முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் சொன்னார். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். வரவேற்பறையில் அது எனக்கு உதவவில்லை.

மூன்றாம் சுற்றில் மாமா ஆட்டத்துக்கு 100 வெள்ளி வைத்தார். 12 ஆட்டங்களில் 20 கோல். இரண்டே இரண்டு ஆட்டங்கள் ஓவர். எட்டு, நான்கு, இரண்டு என்று சுற்றுக்குச் சுற்று பாதியாகக் குறைந்தது. எங்கள் பந்தயம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சுற்றில் மட்டும் 830 வெள்ளி நட்டம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் மாமா, "கொஞ்சம் இருந்தா குடு, அடுத்த வாரம் தர்றேன்" என்றார். துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 400 வெள்ளியைக் கொடுத்தேன். கொடுக்கத்தானே வேண்டும்? அது என் கணக்கு ஆயிற்றே!

ஜூலை 6, சனிக்கிழமை. விடிகாலையில் போர்ச்சுகலும் பிரான்சும் கோல் இல்லாமல் முடித்திருந்தன. அதற்கு முந்தின ஆட்டத்தில் ஸ்பெயின் ஜெர்மனியை 2-1 என்று வென்றது. மூன்று கோல்தான்; ஆனால் மூன்றாவது கூடுதல் நேரத்தில் வந்ததால் எங்கள் கணக்கில் சேரவில்லை. காலிறுதியில் ஆட்டத்துக்கு 200 வைத்திருந்தார் மாமா. இரண்டும் போயின. காலையில் துணிகளைச் சலவை இயந்திரத்தில் போடும்போது மாமாவின் சட்டைப் பையில் ஒரு காகிதம். அடகுச் சீட்டு. அத்தையின் இரண்டு வளையல்கள், 1,000 வெள்ளி.

சீட்டை அத்தையிடம் நான் கொடுக்கவில்லை. அவரே பின்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. அழவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த என் அட்டவணையைக் காட்டி, "இத யாரு எடுக்கப்போறா, நீயா நானா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் எடுத்தேன்.

அன்று மாலை மாமா இன்னொன்றும் சொன்னார். காப்பிக்கடையில் ஓர் ஆள் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். கைக்காசு வேண்டாமாம், போனில் சொன்னால் போதுமாம், வாரக் கடைசியில் கணக்கு முடித்துக்கொள்ளலாமாம். மாமா 'யோசிக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டினால், 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கட்டியவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, கடனில் கட்டும் பந்தயத்துக்கு அடிமட்டமே இல்லை. கையில் இருக்கும் காசு தீர்ந்தால் கடையில் நிற்க வேண்டியிருக்கும். கடனில் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டு ஒரு வாரம் கழித்து என் கையில் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க முடியாது.

இப்போது என் கணக்கில் இருந்த தவற்றைச் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம்; தமிழ்ப்பள்ளிப் பின்னமே போதும். வெள்ளிக்கு 1.85 கிடைக்கும் பந்தயத்தில் கைமுதல் தேறவே 100-க்கு 54 தடவை ஜெயிக்க வேண்டும். என் அட்டவணை சொன்னதோ 52.6. அதாவது என் கணக்கு முழுக்கச் சரியாகவே இருந்தாலும் நட்டம்தான்! ஓவருக்கும் 1.85, அண்டருக்கும் 1.85 என்றால், இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் 2 வெள்ளி கொடுத்து 1.85 வாங்குவோம். அந்த 15 காசு கடைக்காரரின் கூலி. அது ஒவ்வொரு சீட்டிலும் உண்டு. பாதியைவிட அதிகம் என்பதில் மயங்கிய நான் அந்த 15 காசைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் 51 ஆட்டங்களில் 108 கோல்தான் விழுந்தன, சராசரி 2.12. அந்த எண்ணும் என் கண்ணில் பட்டது. 'பழைய கதை' என்று ஒதுக்கிவிட்டேன். மாமாவுக்குப் பிடித்த விடையைத் தரும் எண்களைத்தான் எடுத்துக்கொண்டேன். 2024 போட்டி முடிந்தபோது மொத்தம் 117 கோல், சராசரி 2.29.

என் பாட்டி குளுவாங்கில் நாலு நம்பர் எழுதுவார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர். தெருவில் கார் மோதினால் அதன் எண். படித்த பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். பாட்டி கனவைப் பார்த்து எழுதினார். நான் சராசரியைப் பார்த்து எழுதினேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாட்டி ஒரு வெள்ளிக்கு மேல் போட்டதில்லை. தன் கனவைக் கணக்கு என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

நண்பர்களே, என் கருத்து இதுதான். சூதாட்டங்களிலேயே படித்தவர்களை எளிதில் ஏமாற்றுவது இந்தக் கூட்டுத்தொகைப் பந்தயம். ஓர் அணியின் மீது பணம் கட்டுகிறவருக்குத் தான் ஆசையால் கட்டுகிறோம் என்று உள்ளூரத் தெரியும். கோல் எண்ணிக்கையில் கட்டுகிறவருக்கு அந்த உறுத்தல் இல்லை. விருப்பு வெறுப்பு இல்லாமல், விஞ்ஞானி போல முடிவெடுக்கிறோம் என்று நினைக்கிறார். சூது இங்கே கணக்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள். "என் தங்கச்சி மகன் பொறியியல் படிக்கிறான், அவன்தான் சொன்னான்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. வெற்றி தோல்வியைத் தொடாமலே கூட்டுத்தொகையைக் கெடுக்கலாம். 2011 பிப்ரவரி 9 அன்று துருக்கியின் அந்தால்யா நகரில் இரண்டு நட்புமுறை ஆட்டங்கள் நடந்தன. லாட்வியா பொலிவியாவை 2-1 என்று வென்றது; எஸ்தோனியாவும் பல்கேரியாவும் 2-2. மொத்தம் ஏழு கோல், ஏழும் பெனால்டி! அந்த ஆட்டங்களின் நடுவர்களுக்கு ஃபிஃபா அதே ஆண்டில் ஆயுள் தடை விதித்தது. அதே 2011 ஜூனில் நைஜீரியா அர்ஜென்டினாவை 4-1 என்று வென்ற ஆட்டத்தில், காயநேரம் நீண்டுகொண்டே போய், பெனால்டியில் ஐந்தாவது கோல் வந்தது. அந்த ஆட்டத்தை நடத்திய நடுவர் இப்ராஹிம் சைபுவுக்கு லஞ்சம் வாங்கியதற்காக 2019-இல் ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஆட்டங்களை விலைபேசிய வழக்குகளில் சிங்கப்பூரின் பெயர் உலகெங்கும் அடிபட்டது. 2011-இல் பின்லாந்து நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்த வில்சன் ராஜ் பெருமாள் ஒரு சிங்கப்பூரர். பெயரைப் பார்த்தாலே நமக்குச் சுருக்கென்கிறது. என் பாய்சான் அட்டவணையில் வீரர்களும் நடுவர்களும் நேர்மையாக ஆடுகிறார்கள் என்று ஓர் அனுமானம் இருந்தது. அதை நான் எழுதிக்கூட வைக்கவில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் பூல்ஸ் 1968-இல் தொடங்கப்பட்டதே சட்டவிரோதச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1999-இல் எஸ்-லீக் ஆட்டங்களுக்கும் 2002-இல் உலகக் கிண்ணம் முதலிய வெளிநாட்டு ஆட்டங்களுக்கும் சட்டபூர்வப் பந்தயம் வந்தது. அதன் உபரிப் பணம் சமூகப் பணிகளுக்குப் போகிறது. 1973-இல் திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கத்தைக் கட்டவும் அந்தப் பணம் உதவியது. தடை செய்தால் எல்லாரும் காப்பிக்கடை ஆளிடம்தான் போவார்கள் என்பதும் உண்மை. என் மாமா போகவிருந்ததை நானே பார்த்தேன். ஆகவே கடையை மூடு என்று நான் எழுதவில்லை. சட்டம் அனுமதிப்பது வேறு, அறிவு அனுமதிப்பது வேறு என்றுதான் எழுதுகிறேன். இங்கே 18 வயதானவர் கடையில் சீட்டு வாங்கலாம்; இணையக் கணக்குக்கு 21 வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்த வயதில்தான் இருக்கிறோம். சட்டம் நம்மைத் தடுக்காத வயது இது.

2014 உலகக் கிண்ணத்தின்போது சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு சிறுவன், ஜெர்மனி ஜெயிக்க வேண்டும் என்கிறான்; அவனுடைய சேமிப்பு முழுவதையும் அப்பா ஜெர்மனி மீது கட்டிவிட்டாராம். ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கிக் கிண்ணத்தையும் வென்றது. உலகமே அந்த விளம்பரத்தைக் கேலி செய்தது, பையனுக்கு அதிர்ஷ்டம் என்று. மன்றம் விளம்பரத்தை மாற்றியது. சேமிப்பு திரும்பக் கிடைத்ததா என்று நண்பன் கேட்கிறான். இல்லை, அப்பா இன்னும் ஒரு தடவை கட்டப்போகிறார் என்கிறான் சிறுவன். முதலில் கேலி செய்தவர்களில் பலருக்கு அந்த இரண்டாவது விளம்பரம் தெரியாது. ஜெயித்தது முடிவல்ல, தொடக்கம் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வள்ளுவர் இதைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். 'சூது' என்ற 94-ஆவது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது அந்த வரிசையை நான் கவனித்ததில்லை. ஜெர்மனி 5, ஸ்காட்லாந்து 1. அந்த இரவு நாங்கள் விழுங்கியது 17 வெள்ளி.

நாங்கள் நிறுத்திய பிறகு ஐந்து ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. அதில் நான்கு ஓவர். நெதர்லாந்து-துருக்கி 2-1, அரையிறுதி இரண்டும் 2-1, இறுதியாட்டத்தில் ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. "நின்னிருந்தா மீட்டிருக்கலாம்" என்று மாமா ஒரு தடவை சொன்னார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் எனக்குள்ளும் அதே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தைதான் பதில் சொன்னார்: "மீட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

வளையல்களை ஐந்து மாதத்தில் மீட்டோம். இங்கே அடகுக் கடை வாங்கக்கூடிய வட்டி மாதத்துக்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு. 1,000 வெள்ளிக்கு மாதம் 15. ஐந்து மாதத்துக்கு 75 வெள்ளி. அந்த வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்குகளில் சரியாக வந்தது அது ஒன்றுதான். நான் கொடுத்த 400-ஐ மாமா மாதம் 50 வெள்ளியாகத் திருப்பித் தந்தார். வேண்டாம் என்றேன். "வாங்கிக்கோ, அப்பத்தான் எனக்கு மறக்காது" என்றார்.

நம் பேரவை நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் யாராவது 'நீ படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்' என்று சீட்டை நீட்டினால் எண் சொல்லாதீர்கள். அந்த 15 காசைச் சொல்லுங்கள். இரண்டாவது, வாட்ஸ்அப் குழுவில் நண்பர்களுக்குள் கட்டுகிறோம், இதில் என்ன என்று நினைக்காதீர்கள். வீட்டில் நேரில் கூடி விளையாடும் சிறு பந்தயத்துக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. இணையத்தில் நடப்பதற்கு அல்ல. மூன்றாவது, தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் 20, 50, 100 என்றுதான் பேசினோம். 1,650 என்று ஜூலை 6 வரை யாரும் சொல்லவில்லை. வீட்டாரிடம் சொல்ல முடியாவிட்டால் தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668 இருக்கிறது. சூதாட்டக் கூடங்களிலும் இணையப் பந்தயக் கணக்குகளிலும் இருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளவும் மன்றத்தின் வழியாக முடியும்.

2026 உலகக் கிண்ணத்துக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். 2022-இல் 64. அதாவது நாற்பது இரண்டரைகள் கூடுதல்.

மாமா இன்னும் காற்பந்து பார்க்கிறார். சில மாதங்கள் தொலைக்காட்சிப் பக்கமே போகாமல் இருந்தவர், இப்போது மறுபடியும் நடுவரைத் திட்டுகிறார். நல்ல ஆட்டம் என்றால் நல்ல ஆட்டம் என்கிறார். அண்மையில் ஓர் இரவு பழக்கதோஷத்தில், "இன்னிக்கு எத்தனை கோல் வரும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தெரியாது மாமா" என்றேன்.

நான்கு ஆண்டுப் படிப்பில் நான் கற்றதில் மிக உண்மையான விடை அதுதான். நீங்களும் கூச்சப்படாமல் அதையே சொல்லுங்கள்.